சித்தபிரசாத்தின் மைக் கோட்டோவியங்கள் ஏன் இத்தனை காலம் மறைந்திருந்தன?

வண்ணம் இல்லாமல், கறுப்பு மைக் கோடுகளாலேயே உருவாகும் படம்தான் மைக் கோட்டோவியம். வாசல் கோலம் போல: மாவுக் கோடும் வெறுந்தரையும் மட்டும். பிழையைப் பூசி மறைக்க வழியில்லை.

வங்க ஓவியர் சித்தபிரசாத் (1915–1978), 1943 வங்கப் பஞ்சத்தின்போது மிட்னாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று, எலும்பும் தோலுமாகிவிட்ட மனிதர்களை இப்படி வரைந்தார். மலிவான அச்சில் கோடுதான் தெளிவாக விழும் என்பதும் ஒரு காரணம். அந்தப் படங்கள் அடங்கிய சிறு நூலைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. குடும்பத்தாரிடம் ஒரு பிரதி தப்பியது. அது எஞ்சியதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. வீட்டில் மாட்டி ரசிக்கும் படங்கள் அல்ல என்பதால் ஓவியச் சந்தையும் அவரை நெடுநாள் தேடவில்லை. 2011-இல் டெல்லியில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகே பலர் அவரை அறிந்தார்கள்.

கோட்டோவியம் என்றால் வண்ணம் தீட்டுவதற்கு முந்தைய முன்வரைவு என்று பலர் எண்ணுகிறார்கள். இவை முழுமை பெற்ற படைப்புகள்.