மூலையில் கசிவு, தண்ணீரில் கை வைத்தால் ஷாக்: மீன்தொட்டிக் கேள்விகள்

கேள்வி: எங்கள் மீன்தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், 1½ அடி உயரம். கீழ் மூலையில் தண்ணீர் கசிகிறது. வெளிப்பக்கம் சிலிக்கான் பூசியும் நிற்கவில்லை. மூடிக்குள் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டியிருக்கிறோம். தண்ணீரில் கை வைத்தால் லேசாக விறுவிறுக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கசிவு இருக்கட்டும், முதலில் அந்த விறுவிறுப்பைக் கவனியுங்கள். தொட்டிக்குப் போகிற எல்லா பிளக்கையும் இப்போதே பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரல் ஒயரில் மாட்டியிருக்கும். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் நிற்கும். எது காரணம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கையை விட்டுப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்க்கட்டும்.

12 வோல்ட் ஸ்ட்ரிப் தானாக ஷாக் அடிக்காது. மலிவான அடாப்டரின் உள்காப்பு கெட்டால் 230 வோல்ட் அதன் வழியே ஸ்ட்ரிப்புக்கு வந்துவிடும். ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும், மோட்டாரின் ஒயர் உரிந்திருந்தாலும் இதே கதைதான். ஃபால்ஸ் சீலிங்குக்கு மீட்டர் கணக்கில் விற்கும் ஸ்ட்ரிப் என்றால் அதில் நேராக 230 வோல்ட்டே ஓடும். அது தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

இனி கசிவு. உள்ளிருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டே இருக்கும்போது வெளியே பூசிய சிலிக்கான் பிடிக்காது. வெளிப்பக்கத்தைத் துடைத்து, அடி விளிம்பு முழுக்க டிஷ்யூ பேப்பரை ஒட்டி வையுங்கள். எந்த இடம் முதலில் நனைகிறதோ கசிவு அதன் அருகில். தண்ணீர் ஒரு மட்டம் வரை இறங்கி நின்றுவிட்டால், ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது.

மீன்களைப் பழைய தண்ணீரோடு பெரிய டப்புக்கு மாற்றி, மோட்டார் சரி என்று எலக்ட்ரீஷியன் சொன்ன பிறகு ஃபில்டர் ஸ்பாஞ்சையும் அதிலேயே ஓட விடுங்கள். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரினில் அதிலுள்ள நல்ல பாக்டீரியா செத்துப்போகும். தொட்டியைக் காலி செய்த பிறகே நகர்த்துங்கள். உங்கள் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 125 கிலோவுக்கு மேல்; தண்ணீரோடு தூக்கினால் மிச்ச ஒட்டும் பிரிந்துவிடும்.

உள் ஓரத்து சிலிக்கானை பிளேடால் சுத்தமாகச் சுரண்டுங்கள், கசிகிற மூலை மட்டுமல்ல, உள்ளே எல்லா ஓரமும். புது சிலிக்கான் பழைய சிலிக்கான் மேல் ஒட்டாது. ஒட்டுப்போட்டவை திரும்பக் கசிவது இதனால்தான். இரண்டு கண்ணாடிக்கு நடுவே இருக்கும் ஒட்டை மட்டும் பிளேடால் தொடாதீர்கள். தொட்டியைத் தாங்குவது அதுதான். அதில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகக் காற்று தெரிந்தால் ஒட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தத் தொட்டியைப் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும், ஓரம் பூசிப் பயனில்லை.

சுரண்டிய இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். ஓரத்திலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருபுறமும் மாஸ்கிங் டேப். அக்வாரியத்துக்கென்று போட்ட சிலிக்கானே வாங்குங்கள். பாத்ரூமுக்கானதில் பூஞ்சை மருந்து கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது. ஒரே ஓட்டமாக விட்டு, விரலால் ஒருமுறை இழுத்து, அது தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். ஹீட்டர் வைத்தோ வெயிலில் வைத்தோ காயப்போட வேண்டாம். காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் சிலிக்கான் இறுகும். குறைந்தது 3 நாள், தடிமனாகப் போட்டிருந்தால் ஒரு வாரம். காடி வாசனை முழுதும் போக வேண்டும். பிறகு வாசலிலோ மொட்டை மாடியிலோ சமதளத்தில் வைத்து, மூன்றில் ஒரு பங்கு வீதம் நிரப்பி, நிறைந்த பின் 24 மணி நேரம் பாருங்கள்.

கேள்வி: தொட்டியின் அடிக்கண்ணாடியில் விரல் நீளம் விரிசல். சிலிக்கான் பூசினால் நிற்குமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நிற்காது. விரிசல் ஓடும்; அடிக்கண்ணாடியில்தான் முழுப் பாரமும் இருக்கிறது. அந்தக் கண்ணாடியை மாற்றுங்கள், பழைய தொட்டி என்றால் தொட்டியையே மாற்றுவது மேல். ஏன் விரிந்தது என்பதையும் பாருங்கள், இல்லாவிட்டால் புதியதும் விரியும். அடியில் ஒரு மணல் பருக்கை, பிளைவுட்டில் தலைதூக்கிய ஆணி, மட்டமில்லாத ஸ்டாண்ட், உள்ளே நேராகக் கண்ணாடி மேல் வைத்த பாறை, இவைதான் வழக்கமான காரணங்கள். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அடியில் அரை அங்குல தெர்மாகோல் போடுங்கள்.

கேள்வி: விளக்கை எப்படிப் பொருத்துவது? எத்தனை மணி நேரம் எரியலாம்?
– வாசகி, மதுரை

பதில்: ஐபி67 (தூசியும் தண்ணீரும் உள்ளே புகாத தரம்) என்று போட்ட எல்இடி விளக்கை வாங்குங்கள். தொட்டியின் மேல் ஒரு மூடிக் கண்ணாடி, அதற்கு மேல் விளக்கு. அடாப்டரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தொட்டிக்கு நேர் கீழே கிடக்கக் கூடாது, பக்கவாட்டில் சுவரில் மாட்டுங்கள். ஒயர் பிளக்குக்குப் போகுமுன் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கட்டும். ஒயரோடு இறங்கும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. அந்த லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம் வேண்டும், எர்த்தும் சரியாக வேலை செய்ய வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழ வேண்டும்.

நேரம் 6 முதல் 8 மணி போதும், டைமர் போட்டுவிடுங்கள். பாசி படர்ந்தால் விளக்கு நேரத்தை ஒரு மணி குறைத்துப் பாருங்கள். ஜன்னல் வெயில் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.