சொல் விளக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகன் வேலை கிடைத்துக் கம்போடியாவின் தலைநகரான புனோம்பென் நகருக்குப் போயிருக்கிறான். அங்கே பேசும் கெமர் மொழியைப் பழகுவதற்காக வாங்கிய ஆங்கிலம்–கெமர் கையகராதியில் 'ரைஸ்' என்ற சொல்லுக்கு நேராக மூன்று சொற்கள், எந்த விளக்கமும் இல்லாமல் வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றனவாம். முதல் சொல்லைச் சொல்லிக் கடையில் கேட்டபோது கடைக்காரம்மா சிரித்துவிட்டாராம். மூன்றில் எது சரி?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மூன்றும் சரிதான், அம்மா. உங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 'ஸ்ரோவ்' என்பது நெல், 'அங்கா' என்பது அரிசி, 'பாய்' என்பது சோறு. உங்கள் மகன் மளிகைக் கடையில் போய் நின்று ஒரு கிலோ நெல் கேட்டிருக்கிறார். மன்னார்குடிக் கடைத்தெருவில் கேட்டிருந்தாலும் சிரிக்கத்தான் செய்திருப்பார்கள். வயலில் நிற்பதையும், மூட்டையில் இருப்பதையும், இலையில் விழுவதையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிப்பதால், தமிழுக்கும் கெமருக்கும் நடுவே அதை நிறுத்தியவுடன் இரண்டு மொழிகளும் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பது கலந்துவிடுகிறது. அடுத்த முறை ஆங்கிலத்தை விட்டுவிட்டு, தமிழ்ச் சொல்லுக்கு நேராகக் கெமர்ச் சொல்லை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்த மூன்றில் அன்றாடப் பேச்சில் ஓயாமல் காதில் விழுவது 'பாய்' என்பதுதான். (முதலெழுத்தைப் 'பாட்டி' என்பதில் வருவதுபோல் அல்லாமல் 'பாபு' என்பதில் வருவதுபோல் அழுத்திச் சொல்லவேண்டும்.) சமையலறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'சோற்று வீடு' என்று வரும். 'ஞாம் பாய்' என்றால் சோறு உண்பது; சாப்பிடுவது எதுவாக இருந்தாலும் வேளைச் சாப்பாட்டுக்கு அதுவே பெயர். நாம் 'சாப்பிட்டாச்சா?' என்று நலம் விசாரிப்பதைப் போலவே, கம்போடியர்களும் எதிர்ப்படுபவரிடம் 'சோறு உண்டாயிற்றா?' என்று கேட்கிறார்கள். மரக்கன்று நடுவதற்கும் சோறு வடிப்பதற்கும் அங்கே 'டாம்' என்ற ஒரே வினைச்சொல் வழங்குவது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மகன் இன்னோர் இடத்திலும் ஏமாறக்கூடும். 'சாலி' என்பது வடமொழியிலும் நம் பழந்தமிழிலும் நெல்லைக் குறிக்கும் சொல். அதே சொல் கம்போடியாவுக்குப் போய் 'ஸ்ரோவ் சாலி' என்று ஆனபோது கோதுமையாகிவிட்டது.

கேள்வி: கெமர் மொழியில் 'சாப்பிடு' என்பதற்கு ஆளுக்கொரு சொல் உண்டு என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆளைப் பார்த்துச் சொல் மாறும் என்பது உண்மை. 'ஈட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கெமரில் குறைந்தது எட்டுச் சொற்கள் தேறும். நகரத்தில் பொதுவாக வழங்குவது 'ஞாம்'. நாட்டுப்புறத்தில் அதிகம் கேட்பது 'ஹோப்'. விருந்தினரை உண்ண அழைக்கும்போது 'பிஸா' என்று மரியாதையாகச் சொல்லவேண்டும். பிக்குகள் உண்பதற்குச் 'சான்' என்றும், அரச குடும்பத்தார் உண்பதற்குச் 'சாவோய்' என்றும் தனிச் சொற்கள் இருக்கின்றன. பெருமாள் 'அமுது செய்தருளினார்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது வியப்பாக இராது. ஏட்டு வழக்கில் 'பரிபோகம்' என்பதன் கெமர் வடிவம் ஆளப்படுகிறது. தான் உண்டதைப் பணிவோடு சொல்ல ஒரு தொடர் உண்டு: அதன் பொருள் 'பெறுதல்', 'தானம்' என்ற இரு சொற்களாகப் பிரியும், உண்டேன் என்பதைத் தானம் ஏற்றேன் என்று சொல்வது போல.

அடிமட்டத்தில் இருப்பது 'ஸீ'. மாடும் நாயும் தின்பதற்கு உரிய சொல் அது. நெருங்கிய கூட்டாளிகளுக்குள் உரிமையோடு வரலாம். பெரியவரிடம் சொன்னால் நம் ஊரில் மாமனாரைப் பார்த்துத் 'தின்னீர்களா?' என்று கேட்டதற்குச் சமம். ஆனாலும் வேறு வழக்குகளில் செழித்து வாழ்வது இந்தச் சொல்தான்: அங்கே கூலிக்கு உழைப்பவர் கூலியைத் தின்கிறார், கைநீட்டும் அதிகாரி லஞ்சத்தைத் தின்கிறார், நம்மிடம் பெட்ரோலைக் குடிக்கும் வண்டி அவர்களிடம் அதையும் தின்கிறது.

இந்த வரிசை முழுவதையும் ஒருமுறை அழித்துப் பார்த்தார்கள். 1975 முதல் 1979 வரை நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் இயக்கம், உயர்வு தாழ்வு காட்டும் சொற்களை ஒழிப்பதாகச் சொல்லி, எல்லாரும் 'ஹோப்' என்ற குடியானவர் சொல்லையே ஆளவேண்டும் என்று நெருக்கியது. பொதுச் சமையற்கூடங்களில் நீர்த்த கஞ்சிக்கு வரிசையில் நின்று மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் நடந்தது இது. அந்த ஆட்சி விழுந்தபின் பழைய சொற்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிட்டன.

கேள்வி: அரிசிக்கு 'அங்கா' என்றால், அங்கோர் வாட் என்பது அரிசிக் கோயிலா?
– ஒரு மாணவர், கோவை

பதில்: அல்ல. கோயிலின் பெயரில் இருப்பது நமக்கும் தெரிந்த 'நகரம்' என்ற வடசொல்லின் திரிபு; 'வாட்' என்பது கோயிலை, விகாரையைக் குறிக்கும். ஆகவே 'நகரக் கோயில்' என்று கொள்ளலாம். பல்லவ எழுத்திலிருந்து கிளைத்த கெமர் எழுத்தில் ககர வரிசையின் முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் இன்றும் தனித்தனியாக இருக்கின்றன: அரிசிக்கு முதலாவது, நகரத்துக்கு மூன்றாவது. பேச்சில் அந்த மெய்களின் வேறுபாடு மறைந்து உயிரொலியில் மட்டும் எஞ்சியிருப்பதால், ஒன்று 'அங்கா' என்றும் மற்றது 'அங்கோ' என்றும் ஒலிக்கிறது. நீங்கள் வாய் தவறிக் கடையில் 'ஒரு கிலோ அங்கோ' என்று கேட்டாலும் அரிசிதான் கிடைக்கும். கோயிலை நிறுத்துக் கொடுக்கும் தராசு எந்தக் கடையிலும் இல்லை.