நீதிபதி பதவிக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது

அன்புள்ள சகோதரிக்கு,

நியூஜெர்சியில் பதினோராம் வகுப்பு படிக்கும் மகள், "டாக்டருக்குப் படிக்க மாட்டேன், ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாவேன்" என்று சொன்ன நாள் முதல் உங்களுக்கு உறக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "நம் பிள்ளைகளுக்கெல்லாம் அது நடக்கிற காரியமா?" என்பது உங்கள் கேள்வி.

நடந்திருக்கிறது. ஸ்ரீ ஸ்ரீநிவாசனின் அப்பாவுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. 1967இல் சண்டிகரில் பிறந்த மகன், அப்பா கணிதப் பேராசிரியராக இருந்த கன்சாஸ் மாநில லாரன்ஸ் நகரில், கூடைப்பந்து ஆடிக்கொண்டு வளர்ந்தார். ஸ்டான்ஃபோர்டில் சட்டத்தையும் எம்பிஏவையும் 1995இல் முடித்தார். வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 2013 மே மாதம் அவரை செனட் சபை ஏற்றபோது, ஆதரவு 97, எதிர்ப்பு பூஜ்யம். 2020இல் தலைமை நீதிபதியும் ஆனார்.

ஆனால் படிப்பு முடிந்ததிலிருந்து இந்தப் பதவி வரும்வரை போன பதினெட்டு வருடங்களைக் கவனியுங்கள். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தர், தனியார் சட்ட நிறுவனம், அரசுத் தரப்பில் உச்ச நீதிமன்ற வாதங்கள் என்று கழிந்த காலம் அது. 2012 ஜூனில் முதன்முறை பெயர் முன்மொழியப்பட்டும் ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருந்தார். பதவி வந்தபோது வயது 46.

இதற்குப் போட்டித் தேர்வு கிடையாது. அதிபர் முன்மொழிய வேண்டும், செனட் ஏற்க வேண்டும். நாடு முழுவதற்கும் 179 இடங்கள்தான். நியமனம் ஆயுளுக்கும் என்பதால் இடம் காலியாவதே அரிது. ஆகவே பதவியை இலக்காக வைக்காதீர்கள். அதற்குப் போகிற பாதையை வையுங்கள். அந்தப் பாதையில் எந்த இடத்தில் நின்றாலும் கௌரவமான பிழைப்பு உண்டு.

முதலில் நான்கு வருடப் பட்டப்படிப்பு. எந்தப் பாடமானாலும் சரி, அதில் முழு மூச்சாக இறங்கட்டும். பிறகு எல்சாட் என்னும் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு, மூன்று வருடச் சட்டப் படிப்பு. கட்டணம் கடுமையானது. கல்லூரியின் பெயரைப் பார்த்து மயங்குமுன் உதவித்தொகை எவ்வளவு என்று கேளுங்கள். படிப்பு முடிந்ததும் ஒரு நீதிபதியிடம் ஒரு வருடம் சட்ட எழுத்தராகச் சேர்வதுதான் இதில் பெரிய வாசல். வழக்குக் கட்டுகளைப் படித்துக் குறிப்பு எழுதுவதும், தீர்ப்பின் வரைவைத் திருத்தித் திருத்தி எழுதுவதும் அங்கே அன்றாட வேலை. ஒரு நீதிபதியின் மனம் எப்படி ஓடுகிறது என்று பக்கத்திலிருந்து பார்க்க வேறு இடம் இல்லை.

ஒருமுறை பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து ஒரு மேல்முறையீட்டு விசாரணையைக் கேட்டேன். சாட்சி இல்லை, ஜூரி இல்லை. மூன்று நீதிபதிகள் மட்டும். வழக்கறிஞர் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது. அவர் தயாரித்து வந்த பேச்சு மேசையிலேயே கிடந்தது. நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்ததும் நடு வாக்கியத்தில் நிறுத்தி, அனுமதி கேட்டு முடித்தார். அவ்வளவுதான் வெளியே தெரிவது. மற்ற நாளெல்லாம் அறைக்குள் படிப்பதும் எழுதுவதுமே. கூட்டமும் கைதட்டலும் தேடுகிற பிள்ளைக்கு இந்த வாழ்க்கை வறட்சியாகத் தோன்றும்.

அதனால் இப்போதே மருத்துவமா சட்டமா என்று வீட்டில் மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்ரீநிவாசன் இருக்கும் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் வாதங்கள் ஒலிப்பதிவாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மகள் ஒன்றைக் கேட்கட்டும். பிறகு அதன் தீர்ப்பைப் படித்து, தோற்ற தரப்பு ஏன் தோற்றது என்று ஒரே பக்கத்தில் உங்களுக்குப் புரியும்படி எழுதித் தரட்டும். மூன்று வழக்குகளுக்கு இப்படிச் செய்யச் சொல்லுங்கள். மூன்றாவதையும் ஆசையோடு எழுதினால், அந்தப் பக்கங்களோடு அவளை என்னிடம் அழைத்து வாருங்கள்.