பனிமலையில் பாட்டிக்கு எந்த ஜன்னல்?

கேள்வி: நானும் கணவரும் 11 வயது மகள், 5 வயது மகன், 68 வயது மாமியார் ஆகியோருடன் அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு வாரம் ஆல்ப்ஸ் மலைக்குப் போக விரும்புகிறோம். எங்களில் ஒருவருக்கும் பனிச்சறுக்கு தெரியாது. மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. அனைவரும் சைவம். இந்த ஒரு முறை செலவைப் பற்றிக் கணக்குப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பயண முகவர் செர்மாட், செயின்ட் மோரிட்ஸ், கூர்ஷெவெல் என்று மூன்று பெயர்களைச் சொல்லி, மூன்றிலும் ஐந்து நட்சத்திர விடுதிகளின் படங்களை அனுப்பியிருக்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்தப் படங்களைச் சற்று ஒதுக்கி வையுங்கள். மூன்று ஊர்களிலும் மெத்தை மெத்தென்றுதான் இருக்கும், நீச்சல் குளத்தில் வெந்நீர்தான் இருக்கும். பனிச்சறுக்கு விடுமுறை சிறப்பதும் சீரழிவதும் விடுதிக்கு வெளியே, காலை எட்டரை மணிக்கும் ஒன்பதரை மணிக்கும் இடையில் உள்ள அந்த ஒரு மணி நேரத்தில்தான். சறுக்குக் காலணி என்பது கணுக்காலை அசைய விடாத கெட்டியான பிளாஸ்டிக் கூடு. அதை மாட்டிக்கொண்டு நடப்பது, இரண்டு காலிலும் மாவுக்கட்டு போட்டவர் மாடிப்படி இறங்குவதைப் போன்றது. உங்கள் சறுக்குப் பலகைகள் ஒரு தோளில், மகனின் பலகைகள் இன்னொரு கையில், அவனுடைய கையுறைகளில் ஒன்று எங்கோ விழுந்துவிட்டது, அவனுக்கோ அவசரமாகச் சிறுநீர் கழிக்க வேண்டும். சறுக்குபவரை மலைமேல் ஏற்றிச் செல்லும் "லிஃப்டுக்கு ஐந்து நிமிட நடை" என்று விளம்பரப்படுத்தியிருந்த ஒரு விடுதியில் நான் இப்படி ஒரு வாரம் தவித்திருக்கிறேன். அந்த ஐந்து நிமிடம், பலகை தூக்காத பெரியவர் ஒருவர் வறண்ட சாலையில் நடந்தால் ஆகும் நேரம் என்பது போன பிறகுதான் புரிந்தது. எனவே முகவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி நட்சத்திரம் எத்தனை என்பதன்று. விடுதி வாசலுக்கும், பனிச்சறுக்குப் பள்ளி தொடங்கும் இடத்துக்கும், பயில்வோருக்கான சரிவுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்பதே.

அந்தக் கணக்கில் கூர்ஷெவெல் முதலிடம் பெறும். பிரான்சில் உள்ள இந்த ஊர் 1946 முதல் பனிச்சறுக்குக்கென்றே திட்டமிட்டு எழுப்பப்பட்டது. மேல் ஊரான கூர்ஷெவெல் 1850 பகுதியில் பல விடுதிகளின் பின்வாசலே சறுக்குச் சரிவில் திறக்கிறது. பிரான்சில் ஐந்து நட்சத்திரத்துக்கும் மேலே 'பாலஸ்' என்றொரு அரசுத் தகுதி 2010-இல் உருவாக்கப்பட்டது. அதைப் பெற்ற லே எரெல், ஷெவால் பிளான் போன்ற விடுதிகள் இங்கே உள்ளன. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று சரிவுகளைக் கடினத்தின் வரிசையில் பிரிக்கும் பிரெஞ்சு முறையில், மிக எளிதான பச்சைச் சரிவுகள் இங்கே தாராளமாக இருக்கின்றன. சுற்றியுள்ள மூன்று பள்ளத்தாக்குகள் இணைந்த சரிவுகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஆனால் முதல் வாரம் பயில்பவர் ஒரு கிலோமீட்டரைத் தாண்டுவதே பெரிது என்பதால், அந்த எண்ணுக்காக நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. இதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. சறுக்காதவருக்கு அந்த ஊரில் விடுதி, உணவகம், விலையுயர்ந்த கடைகள் ஆகியவற்றைத் தவிர அதிகம் இல்லை. உங்கள் மாமியார் மூன்றாம் நாளே ஊருக்குத் திரும்பலாம் என்று தொடங்கிவிடுவார்.

சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ், குளிர்காலச் சுற்றுலாவே பிறந்த ஊர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உடையது. கோடையில் வந்திருந்த ஆங்கிலேய விருந்தினரிடம் விடுதிக்காரர் ஜோஹன்னஸ் பாட்ருட் 1864-இல் ஒரு பந்தயம் கட்டினார் என்பார்கள்: குளிர்காலத்திலும் வந்து பாருங்கள், வெயில் இல்லையென்றால் செலவு என்னுடையது. வந்தவர்கள் வசந்தம் வரை திரும்பவில்லையாம். 1928, 1948 ஆகிய இரு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளையும் நடத்திய ஊர். ஏரி உறைந்ததும் அதன் மேல் நடக்கலாம். பிப்ரவரியில் அதே பனிக்கட்டியின் மேல் குதிரைப் பந்தயம் நடக்கும். அருகிலுள்ள பொன்ட்ரெசினாவிலிருந்து ரோசெக் பள்ளத்தாக்குக்குக் குதிரை வண்டியில் போகலாம். மாமியாருக்கு ஏற்ற ஊர்தான். ஆனால் சரிவுகள் ஒரே மலையில் இல்லை. கோர்வில்யா, கோர்வாட்ச், டியாவோலெட்சா என்று பிரிந்து கிடக்கின்றன. தங்குமிடம் தவறினால் ஒவ்வொரு காலையும் பேருந்தில் போகும்.

இனி, சுவிட்சர்லாந்திலேயே உள்ள செர்மாட். ஊருக்குள் பெட்ரோல் கார்கள் கிடையாது. ஐந்து கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு, 12 நிமிட ரயிலில் உள்ளே வர வேண்டும்; பிறகு சிறிய மின்சார வண்டிகள்தான். சூரிச் விமான நிலையத்திலிருந்து விஸ்ப் வழியாக ரயிலிலேயே ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால், வளைந்து நெளியும் மலைச்சாலையில் குழந்தைகள் வாந்தி எடுக்கும் பேச்சே இல்லை. இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன்: முதன்முதலாகப் பயில்பவருக்கான சரிவு ஊருக்குள் இல்லை, மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஆயினும் அந்த ஏற்றம், மலையைக் குடைந்து போகும் இழுவை ரயிலில் ஓரிரு பாட்டுக் கேட்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. 2,288 மீட்டரில் சுன்னெக்கா நிலையத்தில் இறங்கினால், உணவகத்தின் முன்றிலுக்குக் கீழேயே லைசே என்ற குளமும், அதன் அருகே குழந்தைகள் பயிலும் சரிவும், மேஜிக் கார்பெட் எனப்படும் நகரும் பட்டையும் இருக்கின்றன. எதிரே 4,478 மீட்டர் உயர மேட்டர்ஹார்ன். ஒரு கோப்பைச் சூடான சாக்லேட்டுடன் மாமியார் அங்கே அமர்ந்து, பேரன் எத்தனை முறை விழுகிறான் என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். மறுநாள் அவருக்குக் கோர்னர்கிராட் பற்சக்கர ரயில் இருக்கிறது. 1898 முதல் ஓடும் அந்த மின்சார ரயில், 33 நிமிடத்தில் அவரை ஓர் அடிகூட நடக்க வைக்காமல் 3,089 மீட்டருக்குக் கொண்டுபோகும். ஏறும்போது வலப்பக்க ஜன்னல் அவருக்கு.

எனவே என் தேர்வு செர்மாட். மாமியார் உடன் வரவில்லையென்றால் கூர்ஷெவெல் என்று சொல்லியிருப்பேன். அல்லது முகவர் சொல்லாத ஒரு பெயரை, ஆஸ்திரியாவின் ஓபர்லெக்கைச் சொல்லியிருப்பேன். அங்கே குளிர்காலத்தில் வண்டிகளுக்கு இடமில்லை, விடுதிகளுக்கான பெட்டிகளும் சரக்குகளும் பனிக்கு அடியிலுள்ள சுரங்க வழியாகவே போகின்றன. குழந்தைகள் வாசற்படியிலிருந்தே சறுக்கலாம். செர்மாட்டில் அறை எடுக்கும்போது, சுன்னெக்கா ரயில் புறப்படும் ஊர் நிலையத்துக்கு அருகில் எடுங்கள். ரிஃபெலால்ப் போன்று 2,222 மீட்டரில், பற்சக்கர ரயிலில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய விடுதிகளின் அழகில் மயங்க வேண்டாம். மாலையில் மருந்துக்கடைக்கும் ரயிலேற வேண்டிவரும். அதைப் போலவே 3,883 மீட்டரிலுள்ள மேட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸ் நிலையத்துக்கு மாமியாரை அழைத்துப் போவதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறுவது இளைஞருக்கே தலையைச் சுற்றும்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸும் புத்தாண்டும் சேர்ந்த, ஆண்டிலேயே விலை மிகுந்த வாரம். பல விடுதிகள் அப்போது ஏழு இரவுக்குக் குறைவாக அறை தருவதில்லை. ஐரோப்பியப் பள்ளிகள் திறந்த பின், ஜனவரி 10-ஐ ஒட்டித் தொடங்கி மாத இறுதிவரை கூட்டமும் விலையும் குறையும், பனியும் நன்றாக இருக்கும். பொங்கல் விடுமுறையுடன் நான்கு நாள் விடுப்புச் சேர்த்தால் போதும். பொங்கலன்று வீட்டைப் பூட்டிவிட்டு வர மாமியார் சம்மதிப்பாரா என்பது உங்கள் குடும்ப விவகாரம். அதில் நான் தலையிடுவதற்கில்லை.

உணவைப் பொறுத்தவரை, 'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது. சுவிஸ் விருந்தின் நாயகமான ஃபாண்டூ என்ற உருக்கிய பாலாடைக்கட்டியில் வெள்ளை ஒயினும் கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயமும் சேர்வது வழக்கம். அதில் இடும் குருயேர் பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுவது. ரோஸ்டி என்ற உருளைக்கிழங்கு வறுவல் பாதுகாப்பானது, பன்றி இறைச்சித் துண்டு சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால். சமையலறை உள்ள அறை கிடைத்தால் அரிசி, பருப்பு, பொடி வகைகளைக் கொண்டுபோகலாம். நெய் டப்பாவை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருள்களைக் கொண்டுவர சுவிட்சர்லாந்து அனுமதிப்பதில்லை. 2020 முதல் பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. கறிவேப்பிலை இன்றி மாமியாருக்குச் சாம்பார் இறங்காது என்றால், சூரிச்சில் ஈழத் தமிழர் கடைகள் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் நால்வரும் ஓரளவு நன்றாகவே சறுக்குவோம். செர்மாட்டில் தங்கினால், சறுக்கிக்கொண்டே இத்தாலிக்குப் போய் மதிய உணவு உண்டு திரும்பலாம் என்கிறார்கள். உண்மைதானா?
- வாசகர், லண்டன்

பதில்: உண்மைதான். எல்லையைத் தாண்டி இறங்கினால் செர்வினியா. உணவும் அங்கே மலிவு, காபியும் மேல். ஆனால் இரு பக்கத்தையும் சேர்க்கும் அனுமதிச் சீட்டைத் தனியாக வாங்க வேண்டும்; கடவுச்சீட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும்; 2022 முதல் இத்தாலியச் சரிவுகளில் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு கட்டாயம்.

அதைவிட முக்கியமானது காற்று. முகட்டில் காற்று வலுத்தால் மேல் லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தும்போது நீங்கள் இத்தாலியப் பக்கம் இருந்தால், கண்ணுக்கு எதிரே தெரியும் மலையின் மறுபுறத்தை அடைய வாடகைக் காரில் பல மணி நேரம் சுற்றி வர வேண்டும். அந்தக் கட்டணத்தில் மதிய உணவின் மலிவெல்லாம் கரைந்துவிடும். இரண்டு மணிக்கு மேல் இனிப்பு வகைகளுக்காக உட்காராதீர்கள்.

பயணக் காப்பீட்டில் குளிர்கால விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; சாதாரணத் திட்டங்கள் பலவற்றில் அது கிடையாது. குறிக்கப்பட்ட சரிவுக்கு வெளியே சறுக்கினால் பொருந்துமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரிட்டனின் சுகாதார அட்டை மருத்துவமனைச் செலவுக்கு உதவும், மலையிலிருந்து உங்களை இறக்கும் ஹெலிகாப்டருக்கு உதவாது.

கேள்வி: ஆல்ப்ஸா, ஜப்பானின் நிசேக்கோவா? எங்கள் மகளுக்கு இரண்டு வயது. நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம்.
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: நிசேக்கோ. கைக்குழந்தையுடன் நேர மாற்றம் ஒரே ஒரு மணி என்பதே பாதி வெற்றி. இன்னொரு காரணம் உயரம்: செர்மாட் ஊரே 1,600 மீட்டருக்கு மேல் இருக்க, நிசேக்கோவின் மலை உச்சியே 1,308 மீட்டர்தான். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை உறிஞ்சி ஹொக்கைடோவில் கொட்டுவதால், இவ்வளவு தாழ்ந்த இடத்திலும் மாவு போன்ற பனி விழுகிறது. அதே காரணத்தால் ஜனவரியில் வெயிலைக் காண்பது அரிது. படங்களில் உள்ள நீல வானத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சீனப் புத்தாண்டு வாரத்தைத் தவிருங்கள். நீங்கள் சைவமானால், காய்கறி சூப்பிலும் உலர்மீன் சாறான டாஷி இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: வெளிநாடு போகும் வசதி இல்லை. குல்மார்க் போனால் அதே அனுபவம் கிடைக்குமா?
- வாசகி, திருச்சி

பதில்: அதே அனுபவம் கிடைக்காது, வேறொன்று கிடைக்கும். காஷ்மீரின் குல்மார்க் 2,650 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தி, கோங்டோரி வழியாக இரண்டு கட்டமாக அஃபர்வாட் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. முதன்முறை வருபவர்களுக்கு ஊரை ஒட்டிய மென்சரிவுகளே போதும். இரண்டாம் கட்டத்துக்கு மேலே உள்ளது பெரும்பாலும் செப்பனிடாத இயற்கைச் சரிவு. பனிச்சரிவு அபாயம் உள்ளது. வழிகாட்டியோடு தேர்ந்தவர்கள் சறுக்குவதற்கானது. வேடிக்கை பார்க்க ஏறினால் பார்த்துவிட்டு அதே ஊர்தியில் இறங்குங்கள்.

டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்பார்கள். பனி பொதுவாக அப்போது சேரும். ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் புல் தெரியக் கிடந்தன. ஆகவே ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை உள்ள நாள்களைத் தேர்ந்தெடுத்து, விமானச் சீட்டு வாங்கும் முன் அந்த வாரப் பனி நிலவரத்தை விடுதியில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டோலாச் சீட்டை இணையத்தில் முன்னதாக எடுத்துவிடுங்கள். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பனி கனத்த நாள்களில் தங்மார்க்கில் உங்கள் காரை நிறுத்தி, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாறச் சொல்வார்கள். அந்த வாடகையை ஏறும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.