சியோலில் கிறிஸ்தவ இன்டர்நேஷனல் பள்ளி: பாதிக் கட்டணம் என்றால் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவரை மூன்று ஆண்டுகளுக்கு சியோலுக்கு மாற்றியிருக்கிறார்கள். வரும் ஜூலையில் குடும்பத்தோடு கிளம்புகிறோம். மகள் சி.பி.எஸ்.இ.யில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டாள், மகன் இரண்டாம் வகுப்பு. நாங்கள் சி.எஸ்.ஐ. சபையினர் என்பதால் அங்குள்ள கிறிஸ்தவ இன்டர்நேஷனல் பள்ளிகளைப் பார்த்துவருகிறோம். ஒரு பள்ளி மற்றவற்றில் பாதிக் கட்டணம்தான் கேட்கிறது, உடனே இடமும் தருகிறது. சேர்க்கலாமா? திரும்பி வரும்போது சிக்கல் வருமா? மகளுக்கு மருத்துவம் படிக்க ஆசை.

பதில்: முன்பணம் அனுப்புவதற்கு முன் அந்தப் பள்ளியிடம் ஒன்றே ஒன்றை எழுத்தில் கேளுங்கள்: கொரிய அரசிடம் ‘வெளிநாட்டினர் பள்ளி’யாக அனுமதி பெற்றிருக்கிறார்களா? இந்த அனுமதிக்குக் கொரிய மொழியில் ‘இன்கா’ என்று பெயர். அது இல்லாதவற்றை ‘பி-இன்கா’ என்பார்கள். சியோலிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் பி-இன்கா கிறிஸ்தவப் பள்ளிகள் நிறைய உண்டு. சில ‘ஹாக்வோன்’ ஆக, அதாவது நம் ஊர் டியூஷன் சென்டர் போல, பதிவானவை. சில 2022-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி மாற்றுக் கல்வி நிறுவனமாகப் பதிவானவை. இரண்டுமே சட்டப்படி பள்ளி அல்ல. வளாகம், சீருடை, அமெரிக்க ஆசிரியர்கள், ஆங்கிலப் பெயர்ப்பலகை எல்லாம் இரு வகையிலும் ஒரே மாதிரி இருக்கும். பெயரை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இப்படிப் பள்ளிகள் ஏன் முளைக்கின்றன என்பது தெரிந்தால் உங்கள் நிலை புரியும். அனுமதி பெற்ற வெளிநாட்டினர் பள்ளியில் சேர, பெற்றோரில் ஒருவராவது வெளிநாட்டவராக இருக்க வேண்டும். கொரியப் பிள்ளை என்றால் மூன்று ஆண்டுகளாவது வெளிநாட்டில் வசித்திருக்க வேண்டும். அப்படிச் சேரும் கொரியர்களுக்கும் பொதுவாக 30 விழுக்காடு உச்சவரம்பு. இந்த வாசலில் நுழைய முடியாத கொரியக் குடும்பங்களுக்காகத்தான் பி-இன்கா சந்தை முதன்மையாக இயங்குகிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்களுக்கோ முன்வாசலே திறந்திருக்கிறது. பின்வாசலுக்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை.

பலர் ஏமாறுவது அடுத்த இடத்தில். “எங்களுக்கு வாஸ்க், ஏ.சி.எஸ்.ஐ. அங்கீகாரம் இருக்கிறது” என்று பள்ளி சொல்லும். வாஸ்க் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கான பள்ளித் தர அங்கீகார அமைப்பு, ஏ.சி.எஸ்.ஐ. கிறிஸ்தவப் பள்ளிகளின் பன்னாட்டுச் சங்கம். சில பி-இன்கா பள்ளிகளிடமும் இவற்றின் சான்று உண்டு, அது பொய்யும் அல்ல. ஆனால் கொரிய அனுமதி வேறு, அமெரிக்கத் தரச்சான்று வேறு. உங்களுக்கு இரண்டும் வேண்டும். வாஸ்க் தன் இணையதளத்தில் பள்ளிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் முழு அங்கீகாரமா, ‘கேண்டிடேட்’ நிலை மட்டுமா என்று பாருங்கள். கொரிய அனுமதியைக் கல்வி அமைச்சகம் வெளியிடும் வெளிநாட்டினர் பள்ளிப் பட்டியலில் சரிபார்க்கலாம்.

இரண்டும் உள்ள கிறிஸ்தவப் பள்ளிகள் அந்த வட்டாரத்தில் இல்லாமல் இல்லை. யோன்ஹி-தோங்கில் இருக்கும் சியோல் ஃபாரின் ஸ்கூல் 1912-இல் மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. ஹன்னாம்-தோங்கில் யோங்சான் இன்டர்நேஷனல் ஸ்கூல் இருக்கிறது. உங்கள் கணவரின் அலுவலகம் சியோலுக்குத் தெற்கே என்றால் சுவோனில் உள்ள கியோங்கி சுவோன் இன்டர்நேஷனல் ஸ்கூலையும் பாருங்கள். யோன்ஹி-தோங்கும் ஹன்னாம்-தோங்கும் ஹான் நதிக்கு வடகரை. தெற்கே ஹ்வாசோங்கில் இருக்கும் கார் ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்தில் வீடு பிடித்துவிட்டு அங்கே சேர்த்தால் பிள்ளைகளின் நாள் பேருந்திலேயே போகும். பள்ளிப் பேருந்து எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கிறது என்ற பட்டியலை வாங்கிய பிறகு வீடு தேடுங்கள்.

இனி, நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி, இதைவிடப் பெரிய விஷயம்: திரும்பும் ஆண்டு. அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளில் கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்கி ஜூனில் முடியும். மகள் ஆகஸ்டில் ஏழாம் கிரேடில் சேர்ந்தால் மூன்று ஆண்டு முடியும்போது ஒன்பதாம் கிரேடு முடித்திருப்பாள். இங்கே வந்து பத்தில் உட்கார வேண்டும். சி.பி.எஸ்.இ.யில் 9-உம் 10-உம் சேர்ந்து ஒரே ஈராண்டுப் படிப்பு. நேரடியாகப் பத்தில் சேர்ப்பதற்கு, பெற்றோர் பணிமாற்றம் போன்ற காரணம், அங்கீகரிக்கப்பட்ட கல்வி வாரியத்தின் கீழ் ஒன்பதாம் வகுப்பு தேறிய சான்று, மேலொப்பமிட்ட மாற்றுச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். பி-இன்கா பள்ளியின் மதிப்பெண் பட்டியல் கைகொடுக்காமல் போவது இந்த இடத்தில்தான். நல்ல பள்ளியின் தாள்கள் கையில் இருந்தாலும் பத்தாம் வகுப்பில் புதியவரைச் சேர்க்கப் பல பள்ளிகள் தயங்கும்.

ஆகவே இப்போதே முடிவு செய்யுங்கள். எட்டாம் கிரேடு முடிந்ததும் நீங்களும் பிள்ளைகளும் ஓராண்டு முன்னதாகத் திரும்பி, மகளை ஒன்பதில் சேர்ப்பது ஒரு வழி. ஏப்ரலில் தொடங்கிய வகுப்பில் ஜூனில் நுழைவதால் இடத்தை முந்தைய டிசம்பரிலேயே பேசி வைக்க வேண்டும். கணவரின் பணியை ஓராண்டு நீட்டித்து, பத்தாம் கிரேடு முடித்துப் பதினொன்றில் சேர்ப்பது இன்னொரு வழி. அமெரிக்க முறையில் பத்தாவதுக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்பதால், அந்தச் சான்றைப் பத்துக்கு இணையாக ஏற்பார்களா என்று சேரப்போகும் பள்ளியிடமும் சி.பி.எஸ்.இ.யிடமும் எழுதிக் கேட்டு பதிலைப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனம் நீட்டிப்பு தரும் என்று உறுதியாகத் தெரியாத வரை முதல் வழிதான் எங்கள் தேர்வு. மகனுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஓராண்டு முன்னதாகத் திரும்பினால் ஐந்தில், மூன்று ஆண்டும் முடித்தால் ஆறில் சேர்ந்துகொள்வான்.

மருத்துவம் பற்றி ஒரு சொல். பணி நீண்டு அங்கேயே பன்னிரண்டு வரை போய்விட்டால், அமெரிக்க முறையில் 9-இல் உயிரியல், 10-இல் வேதியியல், 11-இல் இயற்பியல் என்று ஆண்டுக்கு ஓர் அறிவியல் பாடமாக முடித்துவிடும் பழக்கம் நீட் தகுதிக்கு இடிக்கும். பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் மதிப்பெண் பட்டியலில் வரும்படி ஏ.பி. (கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் மேம்பட்ட பாடம்) வகுப்புகளைக் கோரிப் பெற வேண்டும். பிறகு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் இணைச்சான்று. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்கு நேட்டிவிட்டி சான்றிதழும் தேவைப்படும்.

இனி விசுவாசம். சி.எஸ்.ஐ. என்றால் தானாக இடம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பள்ளிகள் பெரும்பாலும் சுவிசேஷச் சபைப் போக்குடையவை. விசுவாச அறிக்கை ஒன்றைப் பெற்றோர் வாசித்துக் கையெழுத்திட வேண்டியிருக்கும். வாரம் ஒரு சேப்பல் ஆராதனை, மதிப்பெண்ணுள்ள பைபிள் பாடம். விலக்கு கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. பெற்றோரில் ஒருவர் விசுவாசியாக இருந்தே ஆக வேண்டும் என்ற பள்ளியும் உண்டு, எந்த மதத்தவரையும் சேர்க்கும் பள்ளியும் உண்டு. ஆயரின் பரிந்துரை கேட்டால், பள்ளி அவருடைய மின்னஞ்சலுக்கே படிவம் அனுப்பும், அவர் நேராகத் திருப்பி அனுப்ப வேண்டும். நீங்கள் இடையில் வாங்கி அனுப்பினால் செல்லாது. ஆயரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இதில்தான் வாரக்கணக்கில் விண்ணப்பங்கள் தேங்கும். உயிரியல் வகுப்பில் பரிணாமத்தை எந்தப் பாடநூலை வைத்து எப்படி நடத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். நீட் எழுதப்போகிற பிள்ளைக்கு அது முக்கியம்.

கட்டணம் மேல்வகுப்புகளில் ஆண்டுக்கு மூன்று கோடி வோனைத் தாண்டுவது சாதாரணம், ஏறத்தாழ 18 லட்சம் ரூபாய். விண்ணப்பக் கட்டணம், பேருந்து, மதிய உணவு, மடிக்கணினி தனி. நிறுவனம் பள்ளிக்கே கட்டுமா, நீங்கள் கட்டிவிட்டுத் திரும்பப் பெற வேண்டுமா, ஆண்டு நடுவில் மாற்றல் வந்தால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மிஷனரிகளுக்கான கட்டணச் சலுகை சபை ஊழியருக்கு மட்டுமே.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை: இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல்கள் ஆங்கிலத்தில், மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, ஆங்கில, கணித ஆசிரியர்களின் பரிந்துரை. மகளுக்கு இணையவழியில் ‘மேப்’ என்ற கணித, ஆங்கில வாசிப்புத் திறன் தேர்வும் காணொளி நேர்காணலும் இருக்கலாம். திரும்பும்போது அங்கே கேட்காமல் மாற்றுச் சான்றிதழ் தரமாட்டார்கள். அந்த வழக்கமே அவர்களிடம் இல்லை. படித்த கிரேடு, தேறிய விவரம், விடுவித்த தேதி மூன்றும் உள்ள கடிதம் கேட்டு வாங்கி, கொரியாவிலேயே நோட்டரி சான்றும் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று) பெற்று வாருங்கள். சென்னைக்கு வந்த பிறகு இதைச் செய்ய முயன்றால் மாதங்கள் ஓடிவிடும்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடம். அந்தப் பள்ளிகளில் கொரியனும் ஸ்பானிஷும் கிடைக்கும், தமிழ் கிடைக்காது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ்ப் பாடங்களில் இருவரையும் சேர்த்து, ஏழாம், எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.