ரிசப்ஷன்ல நின்னா நாக்கு ஒட்டிக்குதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பொண்ணோட பட்டமளிப்பு விழாவுக்கு நானும் வீட்டுக்காரரும் லண்டன் போறோம், 4 ராத்திரி ஹோட்டல்ல தங்கணும். இங்கிலீஷ் படிச்சா புரியுது, பேசணும்னா நாக்கு ஒட்டிக்குது. போன உடனே ரிசப்ஷன்ல என்ன சொல்லணும்?
– வாசகி, மதுரை

பதில்: முதல்ல உங்க பொண்ணுக்கு வாழ்த்துகள். பயப்படவே வேண்டாம், ஒரே ஒரு வரி போதும். "ஹலோ, ஐ ஹேவ் எ புக்கிங் ஃபார் ஃபோர் நைட்ஸ்." அடுத்து அவங்க பேர் கேப்பாங்க, நம்ம ஆளுங்க மாட்டிக்கிற இடமே அதுதான். நமக்கு குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது, இனிஷியல்தான், ஆனா பாஸ்போர்ட்ல சர்நேம் இருக்கிற இடத்துல நிறைய பேருக்கு அப்பா பேரோ புருஷன் பேரோ இருக்கும், ஹோட்டல் கம்ப்யூட்டர்ல அந்தப் பேர்லதான் தேடுவாங்க. நான் முதல் தடவை போனப்போ என் பேரை மூணு தடவை எழுத்து எழுத்தா சொல்லியும் புக்கிங்கே இல்லன்னுட்டாங்க, பின்னாடி க்யூ நிக்குது, எனக்கு கையெல்லாம் வேர்த்துடுச்சு. கடைசியில பாஸ்போர்ட்டை நீட்டினதும் எங்க அப்பா பேர்ல பளிச்சுன்னு வந்துச்சு. அதனால நீங்க "இட் மே பி அண்டர் மை ஹஸ்பண்ட்ஸ் நேம்"னு சொல்லிட்டு, பாஸ்போர்ட்டையும் புக்கிங் நம்பர் இருக்கிற பிரிண்ட்அவுட்டையும் சேர்த்தே குடுத்துடுங்க.

பேசுறதை விட அவங்க சொல்றதைப் புரிஞ்சுக்கிறதுதான் கஷ்டம். "யூ ஆல்ரைட்?"னு கேட்டா உடம்பு சரியில்லையான்னு கேக்கல, அது அவங்க ஊர் வணக்கம், "ஐம் ஃபைன், தேங்க் யூ"ன்னா போதும். "பேர் வித் மீ"ன்னா கொஞ்சம் பொறுங்கன்னு அர்த்தம். "சியர்ஸ்"னா அங்க நன்றி. வேகமா பேசினா கூச்சப்படாம "சாரி, குட் யூ சே தட் ஸ்லோலி?"ன்னு கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. தலையை மட்டும் ஆட்டிடாதீங்க, நாம ஆட்டுறது ஆமாவா இல்லையான்னு அவங்களுக்குப் புரியாது.

இன்னொண்ணு, கார்டு கேட்டு ஒரு தொகையை பிடிச்சு வைக்கலாம், அதை ப்ரீ ஆதரைசேஷன்னு சொல்வாங்க. பயப்படாம "இஸ் இட் எ சார்ஜ் ஆர் எ ஹோல்ட்?"னு கேளுங்க. ஹோல்ட்னா பணம் எடுக்கல, நிறுத்தி மட்டும் வச்சிருக்காங்க, நீங்க கிளம்பின அப்புறம் விடுவிப்பாங்க, பேங்க்ல அது தெரிய சில நாள் ஆகும்.

கேள்வி: நானும் தம்பியும் போறோம். ரெண்டு பேருக்கு டபுள் ரூம் போட்டா போதும்ல?
– வாசகர், சேலம்

பதில்: போதாது! டபுள்னா ஒரே பெரிய கட்டில். தனித்தனியா ரெண்டு கட்டில் வேணும்னா அதுக்குப் பேர் ட்வின் ரூம். ஏற்கெனவே டபுள் போட்டுட்டீங்கன்னா "குட் வி ஹேவ் எ ட்வின் ரூம் இன்ஸ்டெட், ப்ளீஸ்?"னு கேளுங்க, காலி இருந்தா மாத்தித் தருவாங்க. ஆனா ரூம் போடுறதுங்கிறதை அப்படியே "புட் எ ரூம்"னு சொல்லிடாதீங்க, புக் எ ரூம்தான்.

கேள்வி: நாங்க சைவம், முட்டையும் சாப்பிட மாட்டோம். பஃபேல என்னன்னு கேக்குறது? ரூம்ல ஏதாவது ரிப்பேர்னா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: "ப்யூர் வெஜ்" நம்ம ஊர் வார்த்தை, அங்க பல பேருக்குப் புரியாது. வெஜிடேரியன்னு மட்டும் சொன்னா முட்டை சாப்பிடுவீங்கன்னு எடுத்துக்குவாங்க. அதனால உடைச்சே சொல்லிடுங்க, "நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்." ஒவ்வொரு பாத்திரத்தையும் காட்டி "இஸ் தேர் எனி மீட் இன் திஸ்?"னு கேட்டுட்டு எடுங்க. கறுப்பா வட்ட வட்டமா ஒண்ணு இருக்கும், பிளாக் புட்டிங்னு பேரு, பேரைப் பார்த்து இனிப்புன்னு நினைச்சுடாதீங்க, அது ரத்தத்துல செய்யறது. தக்காளி சாஸ்ல ஊறின பேக்டு பீன்ஸ், டோஸ்ட், பழம் இதெல்லாம் நமக்கு ஆகும்.

ரிப்பேருக்கு "ஹாட் வாட்டர் நாட் கமிங்"னு சொன்னாலும் புரிஞ்சுக்குவாங்க, "தேர் இஸ் நோ ஹாட் வாட்டர் இன் ரூம் த்ரீ ஒன் டூ"ன்னா இன்னும் தெளிவு. ரூம் நம்பரை மறக்காம சொல்லுங்க, 312ங்கிறதை ஒவ்வொரு எண்ணாவே சொல்றது நல்லது. பாத்ரூம்ல லைட் சுவிட்ச் காணோமேன்னு தேடாதீங்க, சில இடத்துல கூரையிலிருந்து தொங்குற கயிறை இழுக்கணும். சிவப்புக் கயிறா இருந்தா மட்டும் தொடாதீங்க, அது அவசரத்துக்கு ஆளைக் கூப்பிடுற அலாரம். நம்ம சார்ஜர் அங்க சுவர்ல சேராது, மூணு தட்டையான முள்ளு இருக்கிற பிளக்தான் போகும், "டு யூ ஹேவ் ஆன் அடாப்டர்?"னு ரிசப்ஷன்ல கேட்டுப் பாருங்க, ஆனா இங்கேயே ஒண்ணு வாங்கிட்டுப் போறதுதான் நல்லது.

காலையில ரூமை காலி பண்ணியாச்சு, பிளைட் ராத்திரின்னா பெட்டியைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். "கேன் வி லீவ் அவர் பேக்ஸ் ஹியர் டில் ஃபைவ்?" நிறைய ஹோட்டல்ல வச்சுக்குவாங்க, டோக்கன் குடுத்தா பத்திரமா வச்சுக்கோங்க.