கொக்கோ நாற்று வாங்கும் முன் பாஸ்புக்கைப் பாருங்கள்

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து, மேற்கு ஆப்பிரிக்காவில் கொக்கோ பயிரிடும் சிறு விவசாயக் குடும்பங்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, மூன்று ஆண்டுகள் உதவ நிதி திரட்டியிருக்கிறோம். அங்குள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகச் செய்ய எண்ணம். பாதிப் பணத்தில் நாற்று, மீதியில் பயிற்சி, முடிந்தால் ஒரு சான்றிதழ் என்று திட்டமிட்டிருக்கிறோம். பெண்களுக்குத் துணை வருமானமாகச் சோப்பு செய்யவும் கற்றுத்தரலாம் என்கிறார்கள். இந்த வரிசை சரியா?

பதில்: வரிசையை மாற்றச் சொல்வேன். நீங்கள் சொன்னவை எல்லாமே பயனுள்ளவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. காய்ந்த விதையை எடை போடும்போது, விற்ற அளவைக் குறித்துவைக்கும் கொள்முதல் பாஸ்புக்கில் யார் பெயர் இருக்கிறது? சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் யார் பெயர்? முதலில் இதைக் கேட்டு வாங்குங்கள். பட்டியல் தர சங்கம் தயங்கினால், அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. பெரும்பாலும் சில ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பங்கள்தாம் அதை விளைவிக்கின்றன. நாற்றங்காலுக்கு நீர் ஊற்றுவது, களையெடுப்பது, மருந்தடிக்கத் தண்ணீர் சுமப்பது, வெட்டிப்போட்ட காய்களைப் பொறுக்கிக் குவிப்பது, உடைத்த காயிலிருந்து விதையை வழித்தெடுப்பது, புளிக்க வைப்பது, பாயில் பரப்பிக் கிளறிக் காயவைப்பது என்று பெரும்பகுதி வேலை பெண்கள் கையில்தான் நடக்கிறது. ஆண்கள் கவாத்து செய்வார்கள், காய் வெட்டுவார்கள், மருந்தடிப்பார்கள். மூட்டையைக் கொண்டுபோய் விற்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. விற்பவர் பெயர்தான் பாஸ்புக்கில் ஏறும். பயிற்சிக்கு அழைப்பு, மானிய விலை இடுபொருள், கடன், ஆண்டிறுதி ஊக்கத்தொகை, சங்கத் தேர்தலில் ஓட்டு எல்லாம் அந்தப் பெயரைப் பின்தொடர்ந்தே போகின்றன. பெயர் இல்லாத பெண்ணுக்கு நீங்கள் நாற்று கொடுத்தால், அவர் வளர்த்துக் கொடுப்பார். வருமானம் இன்னொருவர் கணக்கில் சேரும்.

பல சங்கங்களில் உறுப்பினராக நிலம் சொந்தமாக இருக்க வேண்டும். அங்கேதான் பெண்கள் தடுக்கி விழுகிறார்கள். கானாவின் ஆகான் மக்களிடம் தாய்வழி வாரிசு முறை உண்டு. அந்த வழக்கப்படி, கணவர் இறந்தால் அவருடைய தாய்வழிச் சொந்தங்களுக்கு நிலம் போய்விடும். இருபது ஆண்டுகள் அவரோடு சேர்ந்து தோட்டம் போட்ட மனைவி வெறுங்கையோடு நிற்பார். இதை மாற்ற 1985-இல் ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்தது. ஊர் வழக்கத்திலும் ஒரு வழி உண்டு: உழைத்த மனைவிக்குக் கணவர் தோட்டத்தில் ஒரு பகுதியைக் கொடையாகத் தருவார், மனைவி சாட்சிகள் முன்னிலையில் மதுபானமோ பணமோ நன்றிப் பொருளாகக் கொடுத்து ஏற்றுக்கொள்வார். ‘அசேடா’ என்பார்கள். அது முறையாக நடந்திருந்தால் பின்னால் யாரும் எளிதில் பிடுங்க முடியாது. உங்கள் நிதியில் ஒரு சிறு பகுதியை இப்படிப்பட்ட கொடைகளைக் காகிதத்தில் பதிவு செய்ய ஒதுக்குங்கள். ஆயிரம் நாற்றைவிட இது அதிகம் செய்யும் என்பது என் கணிப்பு. கூடவே, நிலம் இல்லாவிட்டாலும் தோட்டத்தில் உழைப்பவர் உறுப்பினராகலாம் என்று விதியைத் திருத்த முடியுமா என்று சங்கத்திடம் பேசுங்கள். குடும்பத்துக்கு ஓர் உறுப்பினர் என்பதை இருவர் என்று மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இதற்கு இப்போது இன்னொரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த கொக்கோ தன் சந்தைக்குள் வரக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி கொண்டுவந்தது. நடைமுறைத் தேதி தள்ளித் தள்ளிப் போனாலும், ஒவ்வொரு தோட்டத்தின் இருப்பிடத்தையும் ஜிபிஎஸ்ஸில் பதியும் வேலை அதற்காக நடக்கிறது. நான்கு ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்துக்கு ஒரு புள்ளி போதும். பெரியவற்றுக்கு எல்லையையே வரைய வேண்டும். அந்தப் புள்ளியோடு ஒரு பெயரும் பதியப்படும். பதிய வருபவர் வீட்டில் யாரைக் கேட்பார் என்பது உங்களுக்கே தெரியும். அவர் வருவதற்கு முன்பே குடும்பங்களோடு உட்கார்ந்து, எந்தத் துண்டு யார் பெயரில் என்று பேசிவைப்பது நல்லது. ஒருமுறை பதிந்ததைத் திருத்துவது லேசான காரியமில்லை.

இனி நாற்று. மூன்று மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்குச் சுமார் 1,100 மரம். நட்ட மரம் காய்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். அதாவது உங்கள் திட்டம் முடியும்போதுதான் முதல் காய் வரும். அதுவரை இளங்கன்றுக்கு நிழலாக வாழையும், இடையில் சேம்பும் மரவள்ளியும் போடுவார்கள். அவை பெரும்பாலும் பெண்கள் பயிரிட்டு, பெண்களே விற்கும் பொருட்கள். கொக்கோ வளர்ந்து கிளைகள் கூடி நிழல் மூடியதும் அந்தச் சாகுபடி நின்றுபோகும். அந்த இடத்திலிருந்து வரும் காசு கணவரின் பாஸ்புக்குக்கு இடம் மாறும். புதுத் தோட்டம் போடக் கைகொடுக்கிறோம் என்று நினைத்து, ஒரு பெண்ணின் சொந்த வருமானத்தை மெல்ல மூடிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. நாற்று கொடுத்தே ஆக வேண்டுமென்றால், உணவுப் பயிருக்கென்று நிரந்தரமாக ஒரு துண்டு ஒதுக்கப்படுகிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.

அடுத்தவர் நிலத்தில் பங்குக்குச் சாகுபடி செய்பவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். கானாவில் ‘அபுனு’ என்ற ஏற்பாட்டில், தோட்டம் போட்டுக் கொடுப்பவருக்குப் பாதி. மரம் நிற்கும்வரைதான் அந்த உரிமை என்று பல இடங்களில் கருதுகிறார்கள். அதனால் வீங்கு தண்டு வைரஸ் பிடித்த மரத்தைக்கூட வெட்ட அஞ்சுவார்கள். மாவுப்பூச்சி பரப்பும் அந்த நோய்க்கு மருந்து கிடையாது, வேரோடு அகற்றுவதுதான் வழி. வெட்டிய பிறகும் உரிமை தொடரும் என்று நில உரிமையாளர் எழுதித் தராமல், ‘நோய் மரத்தை வெட்டுங்கள்’ என்று பயிற்சியில் சொல்வதால் ஒன்றும் நடக்காது.

என்னைக் கேட்டால், பெரிய தொகையை ஏற்கெனவே நிற்கும் மரங்களில் போடுங்கள். கானாவில் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 500 கிலோவைச் சுற்றித்தான். நன்றாகப் பராமரித்த தோட்டத்தில் ஒரு டன்னைத் தாண்டுவதும் உண்டு. நடுவிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் போத்துகளை நீக்குவது, கிளைகளைத் திறந்து காற்றோட்டம் விடுவது, அழுகிய காய்களை உடனுக்குடன் அகற்றுவது, பழுத்ததை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறுப்பது ஆகியவையே அந்த இடைவெளியில் பெரும்பங்கு. ஈரம் தேங்கும் தோட்டத்தில் காய் அழுகல் நோய் வேகமாகப் பரவும். ஒரு கிலோ காய்ந்த விதைக்கு 20, 25 காய் வேண்டும் என்பதால் அழுகும் ஒவ்வொரு காயும் கணக்கில் தெரியும்.

இதெல்லாம் பெண்களுக்குத் தெரியாது என்று நினைத்துப் பயிற்சி வைப்பதுதான் வழக்கமான பிழை. கணவரை இழந்த பெண்ணுக்குக் கவாத்து எப்போது செய்ய வேண்டும் என்று தெரியும்; உயரக் கிளையை வெட்ட ஆளும் இல்லை, கூலிக்குக் காசும் இல்லை. ஆகவே ஊருக்கு ஒரு கவாத்துக் குழுவை அமைத்து, நீள்கம்புக் கத்தரியும் கருவிகளும் கொடுத்து, பெண்கள் நடத்தும் தோட்டங்களுக்கு முதல் இரண்டு பருவமாவது கூலியை நீங்கள் ஏற்கலாம். குழுவில் பெண்களும் இருக்கட்டும்.

பயிற்சி வைத்தால் நேரத்தைப் பெண்களிடமே கேளுங்கள். தண்ணீர், விறகு, சமையல், சந்தை என்று அவர்கள் நாள் நிரம்பியிருக்கும். அம்மா கூட்டத்துக்குப் போனால் அந்த வேலை மூத்த மகளிடம் வந்து சேரும். ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலும் கொக்கோ விளையும் பகுதிகளில் 15.6 லட்சம் குழந்தைகள் குழந்தைத் தொழிலாளர்களாக இருக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. தாய்மாரின் சுமையைக் கூட்டும் திட்டம் அந்த எண்ணிக்கையைக் குறைக்கப்போவதில்லை. ஊரிலேயே கூட்டம் வைப்பதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போடுவதும் செலவில்லாத உதவிகள் அல்ல. திட்ட மதிப்பீட்டில் எழுதுங்கள்.

புளிக்க வைப்பது குறித்து ஒரு குறிப்பு. வாழை இலையால் மூடி ஐந்து முதல் ஏழு நாள், இடையில் புரட்டிவிட்டு, பிறகு ஈரம் ஏழரை சதவீதத்துக்கு இறங்கும்வரை வெயிலில். இதில் பெண்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால் நல்ல விதைக்கும் சுமார் விதைக்கும் ஒரே விலை என்றால் கூடுதல் உழைப்பு வீண். தரத்துக்குக் கூடுதல் விலை தருகிறேன் என்று வாங்குபவர் கையெழுத்திட்டால் மட்டும் இதில் பணம் போடுங்கள்.

குறைந்த செலவில் அதிகம் நிற்கும் உதவி சேமிப்புக் குழு. 1991-இல் நைஜரில் கேர் என்ற தொண்டு அமைப்பு தொடங்கி வைத்த முறை: இருபது பேர் அளவில் ஒரு குழு, மூன்று பூட்டுள்ள ஒரு பெட்டி, மூன்று பேரிடம் சாவி, வாரச் சேமிப்பு, உள்ளேயே கடன், ஆண்டு முடிவில் பங்கு பிரிப்பு. அக்டோபர் வாக்கில் தொடங்கும் பெரிய அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வீட்டில் கையிருப்பு வற்றும். அப்போது மரத்தில் நிற்கும் காயை அடிமாட்டு விலைக்கு முன்கூட்டியே விற்காமல் தாங்க இந்தப் பெட்டி உதவும். நீங்கள் பெட்டியும் கணக்குப் புத்தகமும் ஓராண்டு வழிகாட்டியும் கொடுங்கள். பெட்டிக்குள் உங்கள் பணத்தைப் போடாதீர்கள். தானமாக வந்த பணத்தைத் திருப்பிக் கட்ட யாருக்கும் அவசரம் இருக்காது.

சான்றிதழைக் கடைசியில் வையுங்கள். நியாய வணிகச் சான்றிதழான ஃபேர்டிரேட்டின் ஊக்கத்தொகை 2019 அக்டோபரில் டன்னுக்கு 240 டாலராக உயர்ந்தது. ஹெக்டேருக்கு 500 கிலோ எடுக்கும் இரண்டு ஹெக்டேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு அவ்வளவுதான், அதுவும் சங்கத்துக்குப் போய்ச் சேரும் தொகை. சங்கத்தின் விளைச்சல் முழுவதும் சான்றிதழ் விலையில் விற்பதும் அரிது. 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொக்கோ டன் 12,000 டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டே பாதிக்குக் கீழே வந்தது. ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விவசாயிக்கான விலையை அரசு நிர்ணயிப்பதால் அந்த உச்சம் முழுதாக அவர்களைத் தொடவே இல்லை. சங்கத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: போன ஆண்டு எத்தனை டன் சான்றிதழுடன் விற்றது, அந்த ஊக்கத்தொகையை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுத்த கூட்டத்தில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்.

சோப்பு? செய்யலாம். உடைத்த காயின் ஓட்டை எரித்த சாம்பலில் பொட்டாஷ் நிறைய. கானாவில் கறுப்புச் சோப்பு அதில்தான் காலங்காலமாகச் செய்கிறார்கள். தோட்டத்தில் குவிந்து கிடக்கும் ஓடு அழுகல் நோய்க்கு இருப்பிடம் என்பதால் அகற்றுவதும் நல்லதே. ஆனால் ஓடு மண்ணுக்குத் திரும்ப வேண்டிய உரமும்கூட, முழுவதையும் எரித்துவிடாமல் ஒரு பகுதியை மட்கவைத்துத் தோட்டத்துக்கே போடச் சொல்லுங்கள். சோப்பை யார் வாங்கப்போகிறார்கள் என்று பக்கத்துச் சந்தைகளில் விசாரித்துவிட்டுப் பிறகு அச்சுகள் வாங்குங்கள்.